முதல் பிடி எடுத்த இடம்

நைனாதுறையில் சஹன்கள் மெழுகு காட்டத் தொடங்கிய வருஷம் மழை தப்பாமல் பெய்தது, வலைகளில் மீன் நன்றாகப் பட்டது, கொழும்புக்கும் துபாய்க்கும் போயிருந்த ஆண்களில் பாதிப்பேர் பெருநாளுக்கு ஊர் திரும்பியிருந்தார்கள். அதனால் ஊருக்கு ஏதோ கேடு வந்திருக்கிறது என்று முதலில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஊரில் தனித்தட்டில் சோறு தின்பவர்கள் காய்ச்சல்காரர்களும் வெளியூர்க்காரர்களும்தான். மற்ற எல்லாருக்கும் சஹன். ஈயம் பூசிய பெரிய செம்புத் தாம்பாளம் அது; அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே விருந்து ஆட்டுக்கறியான களறிக் கறியை ஊற்றி, நடுவில் வைத்து, இரண்டு பேரோ மூன்று பேரோ சுற்றி உட்கார்ந்து, ஒரே குவியலிலிருந்து அவரவர் பக்கத்தை அள்ளித் தின்பார்கள். கல்யாணத்திலும் அப்படித்தான், மவுத்து வீட்டிலும் அப்படித்தான். சொத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொண்ட அண்ணன் தம்பியைச் சேர்த்து வைக்க ஜமாஅத்தார் பேசிப் பேசிச் சலித்தால், கடைசியில் இருவர் நடுவிலும் ஒரு சஹனை வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள்.

சஹனில் உட்காரும் மூத்தவருக்கு ஒரு கடமையும் உண்டு. சமையல்காரர் நல்லி எலும்பையும் நல்ல துண்டையும் மூத்தவர் பக்கம்தான் வைப்பார். மூத்தவர் பாதிச் சாப்பாட்டில், ஏதோ பேச்சுக்கு நடுவே, விளிம்பில் இரண்டு விரலை வைத்து சஹனைச் சத்தமில்லாமல் திருப்பிவிடுவார், அந்தத் துண்டு இளையவர் முன்னால் போய் நிற்கும். கையால் எடுத்துப் போட்டால் தானம் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று அந்தக் காலத்தில் யாரோ வெட்கப்பட்டுக் கண்டுபிடித்த வழி. இளையவரும் அதைப் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். பார்க்காத மாதிரி இருந்து இருந்து, ஊரே அதை உண்மையிலேயே பார்க்காமல் போயிற்று, தன் கண் இமைப்பதை யாரும் பார்க்காத மாதிரி.

மெழுகு முதலில் வந்தது பெரிய தெருவில் நடந்த ஒரு கல்யாணத்தில். ஜும்ஆத் தொழுகை முடிந்து உட்கார்ந்த பந்தி எழுந்த பிறகு, சஹன்களைக் கிணற்றடிக்கு அள்ளிக்கொண்டு போன பெண்கள், ஒவ்வொரு சஹனிலும் ஆள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக வெள்ளையாக ஏதோ உறைந்திருப்பதைப் பார்த்தார்கள். சில இடத்தில் கண்ணாடியில் ஊதின ஆவி மாதிரி லேசாக இருந்தது; சில இடத்தில் மெழுகுவர்த்தி உருகி வழிந்து இறுகினது மாதிரி விரல் கனத்துக்கு நின்றது; சில இடத்தில் ஒன்றுமே இல்லாமல் ஈயம் பளபளத்தது. சாம்பலுக்கும் புளிக்கும் அது அசையவில்லை, கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினால் மட்டும் கரைந்து போயிற்று. மறுநாள் அதே ஆட்கள் வேறு வீட்டில் வேறு சஹனில் உட்கார்ந்து எழுந்தபோது, அதே கனத்தில் திரும்ப வந்து நின்றது.

அது என்ன என்று யாரும் யாரிடமும் விளக்கம் கேட்கவில்லை. மெழுகு கனத்துக் கட்டியவர்களில் சிலர் அந்த மழைக்காலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும், இது நெஞ்சுக்குள் படிகிற கொழுப்பின் கணக்கு என்று ஊர் தானாகவே புரிந்துகொண்டது. வானம் இருட்டினால் துணியை எடுக்கிற மாதிரி அதற்கேற்ற காரியங்களில் இறங்கியது. பெண் பார்க்க வந்த மாமிமார் பெண்ணோடு ஒரு சஹனில் உட்கார்ந்து தின்றுவிட்டு, எழுந்திருக்கும்போது தற்செயலாகக் குனிவது போலக் குனிந்து பார்த்தார்கள். மெழுகு இல்லாத வீட்டார் சஹனைக் கழுவி வாசலில் வெயில் படும்படி காய வைத்தார்கள். மெழுகு உள்ள வீட்டார் அடுக்களையில் சுவர் பக்கம் திருப்பிச் சாத்தினார்கள். திருநெல்வேலியிலிருந்து ஒருவன் மெழுகு நீக்கும் பொடி கொண்டுவந்து விற்றுவிட்டு, கேள்வி வருவதற்குள் பஸ் ஏறிவிட்டான். வெள்ளிக்கிழமை பயானில் இமாம், அல்லாஹ் காட்டுவதை மறைக்கவும் வேண்டாம், அடுத்தவர் பக்கத்தை எட்டிப் பார்க்கவும் வேண்டாம் என்றார். எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய் எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் மெழுகு சொன்னது பல நேரம் சரியாக இல்லை. வலைக்கடை சதக்குக்கு முன்னால் மெழுகு கரண்டியால் சுரண்டுகிற அளவுக்கு நின்றது. அவர் பயந்துபோய் கறியை விட்டுக் கஞ்சிக்கு வந்தார், ஆள் நன்றாகவே இருந்தார். எதிரே உட்கார்ந்து தின்ற அவருடைய காக்கா, அதாவது அண்ணன், சுத்தமான பக்கத்துக்காரர், பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. மெழுகு ஒருவர் நெஞ்சிலிருந்து இன்னொருவர் நெஞ்சுக்குத் தாவுகிறது என்று பேச்சு வந்தது. பொறாமையால் தாவுகிறது என்றார்கள் சிலர். தின்னாதவன் திட்டினால் தாவுகிறது என்றார்கள் வேறு சிலர். கறியே தொடாத பள்ளிக்கூட வாத்தியாருக்கு மெழுகு கட்டியபோது, அவர் ஒளிந்து தின்கிறார் என்று பிள்ளைகளே சொல்லிச் சிரித்தன.

கயிற்றுக்கடை வீட்டில் மட்டும் மெழுகைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர். மூத்தவர் செய்யது மீரான். அவருடைய நிழல்கூட ஒல்லியாகத்தான் விழும். ஐந்து வேளையும் பள்ளிக்கு நடந்தே போவார், பேசுகிற வார்த்தையைக்கூட எண்ணித்தான் செலவழிப்பார். இளையவர் உவைஸ். அவர் கடையில் உட்கார்ந்தால் கல்லாப்பெட்டி வெளியே தெரியாது. ஈரலும் மூளையும் என்றால் எந்தத் தெருவிலிருந்தும் மணம் பிடித்து வருவார். வயிறு குலுங்கச் சிரிப்பார், அந்தச் சிரிப்பைக் கேட்கவே கயிறு வாங்க வருகிறவர்கள் உண்டு. இவர்களுடைய வாப்பா, உவைஸ் கைப்பிள்ளையாக இருந்தபோதே, நாற்பது வயதுகூட ஆகாமல், துறையில் படகுக்குப் பக்கத்தில் நின்றபடியே நெஞ்சடைத்து மவுத்தானவர். மீசை முளைக்காத வயதில் செய்யது மீரான் கடையையும் தம்பியையும் ஏற்றுக்கொண்டார். தம்பிக்கு வாப்பாவின் முகம் தெரியாது. சஹனில் எதிரே உட்கார்ந்த காக்காவின் முகம்தான் தெரியும்.

ஆகவே அந்த வீட்டு சஹனில் உவைஸுக்கு நேராக விரல் கனத்துக்கு மெழுகு நின்றதைப் பார்த்து யாரும் வியக்கவில்லை. செய்யது மீரான் மட்டும் அன்று மாலை கடையைத் திறக்கவில்லை. வாப்பாவைத் துறையிலிருந்து தூக்கி வந்த கட்டிலைத் திரும்பவும் பார்த்தவர் போல உட்கார்ந்திருந்தார். மறுநாளிலிருந்து தம்பிக்குக் கஞ்சி.

"காக்கா, நான் என்ன பிரசவிச்சவளா? பூண்டுக் கஞ்சி ஊத்துறீங்க?" என்றார் உவைஸ்.

"குடி."

"கூட ஒரு துண்டு கருவாடு?"

"உப்பு ஆகாது. குடி."

உவைஸ் குடித்தார். காக்கா சொல்லி அவர் செய்யாத காரியம் அதுவரை எதுவும் இல்லை. மற்ற நாட்களில் தம்பிக்குக் கஞ்சி, அண்ணனுக்குக் கடையில் தூக்குச்சட்டிச் சோறு என்று ஆகிவிட்டதால், அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை மதியம் மட்டும்தான் சஹன் விரிந்தது. ஒரு நேரமாவது பிள்ளை ருசியாகத் தின்னட்டும், மெழுகு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளலாம் என்று செய்யது மீரான் அப்படி வைத்திருந்தார். ஆனால் மெழுகு இறங்கவில்லை. உவைஸின் கன்னம் ஒட்டியது, சட்டை தொளதொளத்தது, சிரிப்பு வயிற்றிலிருந்து தொண்டைக்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. மெழுகு மட்டும் வெள்ளிக்கு வெள்ளி ஒரு நகம் கூடிக்கொண்டே போனது.

"ஒளிச்சுத் தின்றாரு," என்றாள் பக்கத்து வீட்டு ஆயிஷாம்மா, மதில் மேல் தாடையை வைத்துக்கொண்டு. "பஸ் ஸ்டாண்டுல பரோட்டா மணக்குது, உங்க வூட்டு ஆளு சட்டையும் மணக்குது."

"யா அல்லாஹ், அந்த மனுஷர் கஞ்சி குடிச்சுக் கண்ணே உள்ளே போயிட்டு, உங்களுக்குப் பரோட்டா மணக்குதாக்கும்?" என்று சாச்சி, உவைஸின் மனைவி, திருப்பிக் கொடுத்தாள். ஆனால் அன்று மாலை அவளும் கணவனின் சட்டையை எடுத்து மோந்து பார்த்ததை பல்கீஸ் பார்த்தாள்.

பல்கீஸ் செய்யது மீரானின் ஒரே மகள். திருநெல்வேலியில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்துவிட்டு வந்து, மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிற காலத்தில் வீட்டில் இருந்தவள். நான்கு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் கால் பெருவிரலைப் பார்ப்பாள். ஆனால் அந்த வீட்டில் எந்தக் கதவு எந்த நேரத்தில் கிரீச்சிடும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். வாப்பா பள்ளிவாசல் படியேறும்போது மூன்றாம் படியில் நின்று, யாரையோ தேடுவது போலத் தெருவைப் பார்ப்பதும், பார்த்து முடித்ததும் மூச்சு வாங்குவதும் அவளுக்குத் தெரியும். கேட்டால், "கடையிலே கயித்துத் தூசி, புள்ளே," என்பார்.

வெள்ளிக்கிழமை சஹனைக் கழுவுவது அவள் வேலை. அந்த சஹனின் விளிம்பில் ஓரிடத்தில் பாட்டனாரின் பெயர் வெட்டியிருந்தது. வாப்பாவின் வாப்பா கொழும்பிலிருந்து வாங்கி வந்தபோது வெட்டியது. மெழுகு எப்போதும் அந்தப் பெயரை மூடிக்கொண்டு நின்றது. வெந்நீர் ஊற்ற ஊற்ற, எழுத்து ஒவ்வொன்றாக வெளியே வரும். பெயரின் மேல் ஏன் வந்து உட்காருகிறது என்று ஒரு நாள் நினைத்தாள். நினைத்துவிட்டு, கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, உறவில் ஒரு பிள்ளைப்பேற்றுக்காக உம்மாவும் சாச்சியும் காலையிலேயே போய்விட்டார்கள். முதல் தடவையாக பல்கீஸே சோற்றைக் குவித்து, சஹனைத் தூக்கிக் கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது.

"பேர் வெட்டின பக்கம் வாப்பாவுக்கு நேரா இருக்கணும். மறந்துடாதே," என்று உம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். வீட்டுக்கு மூத்தவர் முன்னால் வீட்டின் பெயர். அந்த வீட்டில் அது வழக்கம்.

அவள் அப்படியே வைத்தாள். இருவரும் பிஸ்மி சொல்லி முதல் பிடியை அள்ளியதையும் பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். கூப்பிட்ட குரலுக்குத் திரும்பி வந்து, வெறும் சஹனை எடுக்கக் குனிந்தபோது, மெழுகு உவைஸ் சாச்சாவுக்கு நேராக நின்றிருந்தது. வழக்கம் போலப் பெயரை மூடிக்கொண்டு நின்றிருந்தது.

பெயரை அவள் வாப்பா பக்கம் அல்லவா வைத்தாள்?

சஹனைக் கையில் பிடித்தபடி கூடத்தின் நடுவில் நின்றாள். வாப்பா கை கழுவப் போயிருந்தார். சாச்சா மெழுகையே பார்த்துக்கொண்டிருந்தார், தன்மேல் சொல்லப்பட்ட பழியைக் கடைசியில் தானும் நம்பத் தொடங்கிவிட்ட ஆள் பார்ப்பது மாதிரி. சிறு வயதிலிருந்து அவள் பார்த்துப் பார்த்துப் பார்க்காமல் விட்ட அந்த இரண்டு விரல்கள், பேச்சுக்கு நடுவே விளிம்பில் வந்து உட்கார்கிற அந்த ஒல்லி விரல்கள், அப்போதுதான் அவள் கண்ணுக்குள் வந்தன. மெழுகு சாப்பாடு முடிந்த பிறகு கட்டுவதில்லை. பிஸ்மி சொல்லி முதல் பிடி எடுத்த இடத்தில், மீதிச் சோற்றுக்கு அடியில், அப்போதே கட்டிவிடுகிறது. பிறகு வாப்பா சஹனைத் திருப்புகிறார். நல்லித் துண்டு தம்பிக்குப் போகிறது. கூடவே அதுவும் போகிறது.

வாப்பாவிடம் சொல்ல மூன்று தடவை அவர் அறை வாசல்வரை போனாள். மூன்று தடவையும் "என்ன புள்ளே?" என்றார். மூன்று தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். கடைசியில் கிணற்றடியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்த சாச்சாவிடம் போனாள். அவரிடம் பேச யாருக்குமே கூச்சம் வராது.

"சாச்சா, நீங்க ஒளிச்சுத் தின்றீங்களா?"

"நீயுமா கேக்குறே புள்ளே? கேளு, கேளு. நேத்து உன் சாச்சி என் சட்டையை மோந்தா. நாளைக்கு வாயை மோப்பா. இத்தனை வருஷத்துல முத்தம் கேட்டப்ப கிட்ட வராதவ."

"நீங்க தின்னலைன்னு எனக்குத் தெரியும். அது உங்களது இல்லை."

"எது?"

"மெழுகு."

உவைஸ் சிரித்தார். பிறகு, "அப்போ யாருது?" என்றார். அவள் சாய்த்து வைத்திருந்த சஹனை எடுத்து, பெயர் வெட்டிய பக்கத்தை அவருக்கு நேராக வைத்து, விளிம்பில் இரண்டு விரலை வைத்து மெல்லத் திருப்பினாள். பெயர் அவரிடமிருந்து விலகி, எதிர்ப்பக்கம், யாரும் உட்காராத இடத்துக்குப் போய் நின்றது. அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த உவைஸின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தைவிட்டு இறங்கிப் போனது. பல்குச்சியைக் கீழே போட்டார்.

"என் வாப்பாவும் ஒல்லிதானாம்," என்றார், யாரிடமோ சொல்வது போல. "காத்து அடிச்சா பறந்துருவாருன்னு சொல்லுவாங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை வரை உவைஸ் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. காக்காவிடம் வெறும் வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று அவருக்குத் தெரியும். தம்பி கறிக்காக ஒரு கதை கட்டுகிறான் என்பார்.

அன்று சஹன் வந்தது. உம்மா வைத்தாள், பெயர் பக்கம் செய்யது மீரானுக்கு நேராக. பல்கீஸ் கதவருகே நின்றாள். பிஸ்மி சொன்னார்கள், முதல் பிடி எடுத்தார்கள், கொப்பரை விலையைப் பற்றியும் சரக்கு வராததைப் பற்றியும் பேசினார்கள். குவியல் பாதியானது. செய்யது மீரான், ராமேஸ்வரத்து வியாபாரி கொடுத்த வாக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, விளிம்பில் இரண்டு விரலை வைத்தார்.

உவைஸ் தன் பெரிய கையை எடுத்து அந்த விரல்களின் மேல் வைத்தார்.

"இன்னைக்கு வேண்டாம் காக்கா."

செய்யது மீரானுக்குப் புரியவில்லை. தம்பி அந்த விரல்களைப் பார்த்துவிட்டதே அவருக்கு வெட்கமாக இருந்தது. நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் பார்த்ததில்லை. "ஏண்டா, நல்லி வேண்டாமா?" என்றார், குரல் ஒரு மாதிரியாக.

"நீங்க தின்னுங்க. அங்கேயே இருக்கட்டும்."

மீதிச் சோற்றை இருவரும் தின்றார்கள். கடைசிப் பருக்கை போனதும் செம்பில் ஈயம் தெரிந்தது. உவைஸுக்கு முன்னால், கஞ்சி குடித்து ஒட்டிப்போன அந்த உவைஸுக்கு முன்னால், பிறந்த குழந்தையின் நெற்றி மாதிரி வெறுமையாக இருந்தது. செய்யது மீரானுக்கு முன்னால் அவருடைய வாப்பாவின் பெயரை மூடிக்கொண்டு மெழுகு நின்றது, சின்னச் சுவர் மாதிரி.

அவர் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் சோறு காய்ந்தது. உம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். எல்லாரும் அவர் பயப்படுவார் என்று நினைத்தார்கள். அவர் தலையைத் தூக்கித் தம்பியின் தொளதொளத்த சட்டையைப் பார்த்தார்.

"உனக்கு இத்தனை மாசமா கஞ்சி ஊத்தினேனேடா," என்றார்.

டாக்டர் எஸ்தர் கடற்கரைச் சாலையில் சின்ன கிளினிக் வைத்திருந்தவர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், நைனாதுறையில் தனித்தட்டில் தின்கிற ஒரு சிலரில் ஒருவர். "எனக்கு சஹன் தெரியாது, நெஞ்சு தெரியும்," என்று சொல்லிவிட்டு, செய்யது மீரானின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். ரத்தம் எடுத்தார், திருநெல்வேலிக்கு அனுப்பினார். அங்கே இதயத்துக்குப் போகிற குழாய்களில் இரண்டு ஏறக்குறைய மூடியிருந்தன. கம்பி வலை மாதிரி ஒன்றை உள்ளே வைத்துத் திறந்து அனுப்பினார்கள். இன்னும் ஒரு மழைக்காலம் போயிருந்தால் பள்ளிவாசல் மூன்றாம் படியில்தான், என்றார் அங்கிருந்த டாக்டர். அவருக்கு மூன்றாம் படி எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் உவைஸ் டாக்டர் எஸ்தரிடம் வேறொன்று கேட்டார். "டாக்டரம்மா, ரெண்டு பேரும் ஒரே சஹன்ல தின்னோம். சொல்லப்போனா, நான் எலும்பையும் விடாமத் தின்னேன். அவரு குருவி மாதிரிக் கொத்துவாரு, அவ்வளவுதான். எனக்கு ஏன் இல்ல?"

"சோறு ஒண்ணுதான். உள்ளே போன பிறகு அதை உடம்பு என்ன செய்யுதுங்கிறது ஆளுக்கு ஆள் மாறும்," என்றார் டாக்டர் எஸ்தர். "சில பேர் ரத்தம் கொழுப்பைக் கழிச்சு வெளியே தள்ளிரும். சில பேருக்குப் பிறவியிலேயே தள்ளத் தெரியாது, கொஞ்சம் தின்னாலும் உள்ளேயே தங்கும். உங்க வாப்பா அவருக்குக் கொடுத்ததை உங்களுக்குக் கொடுக்கல. அதுக்காக நீங்க ஆட்டம் போடாதீங்க. உங்களுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்குது, பிரஷரும் இருக்கு. சஹன் அதையெல்லாம் காட்டாது." பிறகு பல்கீஸின் பக்கம் திரும்பி, "பிள்ளைகள் ரத்தமும் பார்க்கணும். உன் கையைக் காட்டு," என்றார்.

ஊருக்கு இது தெரிய ஒரு தேநீர் குடிக்கிற நேரம் போதுமாக இருந்தது, ஏனென்றால் தேநீர்க் கடையில் சொன்னவர் உவைஸ். அந்த வாரம் நைனாதுறை முழுக்கக் கஞ்சிக் கிண்ணங்கள் கை மாறின. பல மாதம் பத்தியம் இருந்த தம்பிமார் எழுந்து நடந்து போய் பஸ் ஸ்டாண்டில் பரோட்டா தின்றார்கள். அண்ணன்மார் வெளிறிப்போய் டாக்டர் எஸ்தரின் பெஞ்சியில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். வலைக்கடை சதக்கு காக்காவின் கபுறுக்குப் போய், மண்ணில் நெற்றியை வைத்துக்கொண்டு, அவர் சஹனைத் திருப்பித் தந்த ஒவ்வொரு நல்லித் துண்டையும் நினைத்து அழுதார். அடுத்த பயானில் இமாம், இனி சஹனைத் திருப்ப வேண்டாம் என்று சொல்ல எழுந்தவர், அதைச் சொல்ல மனம் வராமல், திருப்புகிறவர்கள் பிஸ்மிக்கு முன்னாலேயே திருப்பிக்கொள்ளுங்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். வாத்தியாரிடம் பிள்ளைகள் மன்னிப்புக் கேட்டன. ஒரே சோற்றைத் தின்கிறவர்களுக்கு ஒரே நெஞ்சு என்று அத்தனை தலைமுறையாக நம்பி வந்த ஊர், அப்படி இல்லை என்பதை, ஒரு மவுத்தை ஏற்றுக்கொள்வது போல, அழுதும் பேசியும் மெல்ல மெல்ல ஏற்றுக்கொண்டது.

செய்யது மீரான் மட்டும் ஏற்றுக்கொள்ளவில்லை. மருந்தைத் தின்றார், சோற்றைத் தின்னவில்லை. டாக்டர் சொன்ன கீரையும் மத்தி மீனும் தவிட்டு அரிசிச் சோறும் ஒரு பீங்கான் தட்டில் அவர் முன்னால் வந்தன. பெயரில்லாத, எதிரே ஆளில்லாத, கையை நீட்டினால் யார் கையிலும் படாத தட்டு. இரண்டு வாய் வைப்பார், தள்ளிவிடுவார். உவைஸ் வந்து எதிரே உட்கார்ந்தார். "காக்கா, நானும் இதையே தின்கிறேன். என்னை ஆடு மேய்க்கிற மாதிரி மேய்க்கப் போறீங்களா, வாங்க," என்றார்.

"நீ போதும்டா. நீ தின்ன கஞ்சி போதும்," என்று அவர் எழுந்து போய்விட்டார். தம்பியின் முகத்தைப் பார்த்துக் கீரை தின்ன அவரால் முடியவில்லை. செய்யது மீரானின் விலா எலும்புகளைச் சட்டை மறைக்கவில்லை. குழாய்களைத் திறந்து அனுப்பிய ஆஸ்பத்திரியில் பசியைத் திறந்து அனுப்பவில்லையே என்று உம்மா அழுதாள்.

அதே நாட்களில் டாக்டர் எஸ்தர் பல்கீஸைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் ரத்தத்தில் தெரிந்ததைச் சொல்லியிருந்தார். அவள் உம்மாவிடம் மட்டும் சொன்னாள். உம்மா கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"வெளியே சொல்லிடாதே. வாப்பாகிட்டயும் வேண்டாம். அடுத்த மாசம் மேலத்தெருவுல இருந்து பொண்ணு பார்க்க வர்றாங்க. உனக்குக் கண்ணுக்கே தெரியாத அளவுதான் இருக்கும், நான் சஹனைச் சீக்கிரமா எடுத்துருவேன்."

பல்கீஸ் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் மதியம் பீங்கான் தட்டு வரவில்லை. கூடத்தில் செய்யது மீரான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, அவர் முன்னால் சஹன் வந்து இறங்கியது. அதில் தவிட்டு அரிசிச் சோறு, முருங்கைக்கீரை, தேங்காய்ப்பால் சேர்க்காத மத்தி ஆணம். எதிர்ப்பக்கம், ஆண்கள் உட்காருகிற இடத்தில், பெரிய மனுஷியான பிறகு அவரோடு ஒரு நாளும் சஹனில் உட்காராத மகள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

அடுக்களைக் கதவில் உம்மா நின்றாள். பக்கத்தில் சாச்சி. "இது என்ன புதுசா," என்று தொடங்கிய சாச்சி, உம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"உனக்கு எதுக்கு புள்ளே இந்தத் தண்டனை?" என்றார் செய்யது மீரான். "போய் உம்மாவோட நெய்ச்சோறு தின்னு. தின்னுற வயசு."

"எனக்கும் உங்க ரத்தம்தான் வாப்பா," என்றாள் பல்கீஸ். "டாக்டரம்மா பார்த்துச் சொல்லிட்டாங்க."

அதைச் சொல்லும்போது அவள் கால் விரலைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள். செய்யது மீரான் மகளின் முகத்தைப் பார்த்தார், மூக்கை, புருவத்தை, ஒல்லியான கழுத்தை, முதன்முதலாகப் பார்க்கிறவர் மாதிரி. சொத்தென்று தன்னிடம் இருந்ததையெல்லாம் கொடுத்துக் கொடுத்து வந்தவர், கேட்காமலே இதையும் கொடுத்திருக்கிறோம் என்று அறிந்ததும், முகத்தை ஒரு தடவை சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார்.

"பிஸ்மி சொல்லு," என்றார்.

இருவரும் முதல் பிடியை எடுத்தார்கள். அவர் கீரையை வாயில் போட்டு, முகம் சுளிக்காமல், மென்று, விழுங்கி, அடுத்த பிடிக்குக் கையைக் கொண்டுபோனார். குழந்தைக்கு மருந்து கொடுக்கிறவர் தானும் ஒரு மடக்குக் குடித்துக் காட்டுவது போல, ஒவ்வொரு பிடியையும் மகள் பார்க்கும்படி தின்றார். சோறு குறையக் குறைய அவருக்கு உண்மையாகவே பசித்தது. முள்ளை எடுத்துவிட்டு மீனைத் தின்றார். ஆணத்தில் புளி கூடிவிட்டது என்று சொன்னார். அந்த வீட்டில் பல வாரங்களாக அவர் சாப்பாட்டைப் பற்றிச் சொன்ன முதல் குறை அது. உம்மா அதைக் கேட்டுக் கதவில் சாய்ந்துகொண்டாள்.

சஹன் காலியானதும் இருவரும் குனிந்து பார்த்தார்கள். அவர் பக்கம் மெழுகு அப்படியே நின்றது, கூடவில்லை, அவ்வளவுதான். பல்கீஸின் பக்கம் மெல்லியதாக ஒரு கீற்று, நோன்பு மாதத்தின் முதல் பிறை மாதிரி, சரித்துப் பார்த்தால் தெரியும், நேராகப் பார்த்தால் மறையும். வாப்பாவும் மகளும், மாடியில் நின்று பிறை தேடுகிறவர்கள் தலையை ஒன்றாகச் சாய்ப்பது போலச் சாய்த்து அதைப் பார்த்தார்கள்.

"மேலத்தெருக்காரங்க வந்தா இதைக் காட்டிரு," என்றார் செய்யது மீரான். "பார்த்துட்டு உக்காருறவன் உக்காரட்டும்."

கதவருகே நின்ற உம்மா சாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள்.

"நாளைக்கும் கீரைதானா?" என்று மகளிடம் கேட்டார்.

"நாளைக்கும் கீரைதான்."

அவர் எழுந்து கை கழுவப் போனார். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "சரி. நீ வந்து உக்காராம நான் சோத்துல கை வைக்க மாட்டேன். அதனால நேரத்தோட வந்துரு."